90 ஆயிரம் விசா தெரியும், அந்த இன்னொரு கையெழுத்து தெரியுமா? ஜெர்மனி ஒப்பந்தமும் நம்ம ஊர் சாமி சிலையும்

காலை ஆறரை மணி. ஏனாத்தூரில் ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பசங்களிடம் 'ஜெர்மனி' என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் 'பி1 முடிச்சிட்டேண்ணே' என்பார். இன்னொருத்தர் காலேஜ் சீனியர் ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்வார். 2024 அக்டோபரில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்த சமயத்தில், திறன்மிகு இந்தியர்களுக்கான விசா எண்ணிக்கை ஆண்டுக்கு 20 ஆயிரத்தில் இருந்து 90 ஆயிரமாகிறது என்ற செய்தி சுற்றாத வாட்ஸ்அப் குரூப்பே இல்லை.

அதே பயணத்தில், அக்டோபர் 25 அன்று, இரு நாடுகளும் இன்னொரு ஒப்பந்தமும் செய்துகொண்டன. 'குற்ற வழக்குகளில் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம்'. பெயரைப் படித்தாலே கொட்டாவி வரும், அதனால் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. ஆனால் காஞ்சிபுரம் மாதிரி தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும் ஊர்க்காரர்கள் விசா செய்தியைப் படித்த அதே கவனத்தோடு இதையும் படித்திருக்க வேண்டும். ஏன் என்று புரிய, 13 வருடம் பின்னால் போகணும்.

ஜெர்மனியில் சிக்கிய நியூயார்க் வியாபாரி

2011 அக்டோபர் இறுதியில் ஜெர்மனியில் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெயர் சுபாஷ் கபூர். நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற பழம்பொருள் கேலரி நடத்தியவர். உலகின் பெரிய மியூசியங்கள் பலவும் அவரிடம் வாங்கியிருந்தன. அவரைத் தேடியது தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு. அரியலூர் மாவட்டத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில், ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் என்ற இரண்டு ஊர்க் கோயில்களில் திருடுபோன செப்புத் திருமேனிகளின் தடம் அவர் கடைவரை போயிருந்தது.

ஸ்ரீபுரந்தான் கதையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கோயில் பூட்டிக் கிடந்தது, பூஜை கிடையாது. 2006 வாக்கில் உள்ளூர் ஆட்களை வைத்துச் சிலைகளை எடுத்துவிட்டார்கள். கைவினைப் பொருள் என்ற பெயரில் அவை கப்பல் ஏறின. அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கேலரி 2008 தொடக்கத்தில் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலை காணோம் என்று நம் ஊரில் தெரிய வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து! பக்கத்துக் கோயிலில் திருட்டு நடந்ததால், இங்கே இருப்பதைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப் போகலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை.

அதாவது, கான்பெராவில் ஒரு அதிகாரி வாங்குவதற்கு முன் நேர்மையாகவே உலகத் திருட்டுப் பட்டியலைத் தேடியிருந்தாலும், அதில் ஸ்ரீபுரந்தான் இருந்திருக்காது. புகாரே இல்லையே. பத்திரங்களோ, சிலை 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவைவிட்டுப் போய்விட்டதாகக் காட்டின. எல்லாம் போலி. ஏன் குறிப்பாக 1970? அதற்குப் பிறகு வருகிறேன்.

கபூரை ஜெர்மனி 2012 ஜூலையில் இந்தியாவிடம் ஒப்படைத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து, நடராஜரையும் சிட்னி மியூசியத்தில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரையும் பிரதமர் மோடியிடம் கொடுத்தார். 2015-இல் ஜெர்மனியே ஒன்றைத் திருப்பியது. ஸ்டுட்கார்ட்டின் லிண்டன் மியூசியம் கபூரிடம் வாங்கி வைத்திருந்த காஷ்மீர் துர்க்கை அது. ஏனாத்தூர்ப் பையனின் சீனியர் வேலை பார்க்கும் அதே ஸ்டுட்கார்ட்தான்.

ஆளைக் கேட்பது வேறு, ஆதாரத்தைக் கேட்பது வேறு

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். டிவி விவாதங்களில் இவை எப்போதும் குழம்பும்.

ஒரு ஆளை இன்னொரு நாட்டிடம் இருந்து வாங்குவது 'நாடு கடத்தல் ஒப்பந்தம்' வழியாக. ஜெர்மனியோடு அது 2001-இல் கையெழுத்தானது. அதனால்தான் கபூர் வந்தார். பேங்க் கணக்கு விவரம், மின்னஞ்சல், ஷிப்பிங் பில், சாட்சியின் வாக்குமூலம், கைப்பற்றிய பொருள் எல்லாம் கேட்டு வாங்குவது 'பரஸ்பர சட்ட உதவி'. பிரிட்டனோடு அது 1990-களிலேயே இருக்கிறது. ஜெர்மனியோடு 2024-இல்தான் கையெழுத்தே ஆகியிருக்கிறது.

ஒப்பந்தம் இல்லை என்றால் ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கும். இங்குள்ள நீதிமன்றம் ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதும், அது தூதரகம் வழியாகப் போகும், அவர்கள் மனம் வைத்தால் பதில் வரும். ஒப்பந்தம் வந்தால் 'மனம் வைத்தால்' என்பது 'கடமை' ஆகிறது. மறுப்பதென்றால் ஒப்பந்தத்தில் உள்ள காரணத்தைக் காட்ட வேண்டும்.

ஆனாலும் சென்னையில் இருக்கும் ஒரு டிஎஸ்பி நேராக பெர்லினுக்கு மெயில் அனுப்ப முடியாது. சட்ட உதவிக் கோரிக்கை டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனி போக வேண்டும். அங்கே இப்படிப்பட்ட கோரிக்கைகளைக் கையாளும் மத்திய நீதி அலுவலகம் இருப்பது பான் நகரில். ஆளைக் கேட்பதாக இருந்தால் வெளியுறவு அமைச்சகம் வழி. 'இன்டர்போல் ரெட் நோட்டீஸ் போட்டாச்சு, இனி தப்ப முடியாது' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். ரெட் நோட்டீஸ் என்பது 'இவரைத் தேடுகிறோம்' என்ற அறிவிப்பு, அவ்வளவே. கைது செய்வதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் இந்தத் தலைவலியை வைத்துக்கொள்ளவில்லை. 2004 முதல் 'ஐரோப்பியக் கைது வாரண்ட்' இருக்கிறது. ஒரு நாட்டு நீதிபதி எழுதினால் இன்னொரு நாட்டு நீதிபதி 60 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது பொது விதி. அமைச்சர், தூதர் யாரும் நடுவில் கிடையாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் அந்த வசதியை இழந்தது. அதன் பிறகு ஜெர்மனி தன் சொந்தக் குடிமக்களை பிரிட்டனுக்கு ஒப்படைப்பதை நிறுத்திக்கொண்டது, ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அப்படி அனுப்ப அதன் அரசியல் சட்டம் விடாது. பிரிட்டனுக்கே இந்த நிலை என்றால், நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள்.

கொடுத்தார்கள், ஒரு கயிற்றோடு

கபூர் வந்துவிட்டார், இனி எல்லா வழக்கையும் அவர் மேல் போடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இங்கேதான் சட்டம் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. எந்தக் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைத்தார்களோ அந்தக் குற்றத்துக்கு மட்டும்தான் விசாரிக்கலாம். வேறு வழக்கு என்றால் ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும், அல்லது அவர் திரும்பிப் போக வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். இது ஜெர்மனி நம் மேல் திணித்த விதி என்று நினைக்க வேண்டாம். நம்முடைய 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே இதைத்தான் சொல்கிறது.

இதை மீறினால் என்ன ஆகும்? மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலேம் கதையைப் பாருங்கள். போர்ச்சுகல் அவரை 2005-இல் ஒப்படைத்தபோது, தூக்கு கிடையாது, 25 வருடத்துக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. பிறகு இங்கே கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்த்ததும், வாக்கு மீறப்பட்டது என்று போர்ச்சுகல் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2022-இல் நம் உச்ச நீதிமன்றம், 25 வருட வாக்குறுதி நாட்டைக் கட்டுப்படுத்தும், அந்தக் காலம் முடிந்ததும் விடுவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கபூர் வழக்குக்கு வருவோம். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1 அன்று அவருக்கு 10 வருட சிறைத் தண்டனை விதித்தது. அவரோடு உள்ளூர்க் கூட்டாளிகளுக்கும் தண்டனை. நல்ல செய்திதான். ஆனால் கணக்குப் போடுங்கள். ஜெர்மனியில் பிடிபட்டது 2011 அக்டோபர், தீர்ப்பு 2022 நவம்பர். 11 வருடம் உள்ளே இருந்தவருக்கு 10 வருடத் தண்டனை. விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது நம் சட்டம். ஆக, தீர்ப்பு வந்த அன்றைக்குத் தண்டனைக் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மற்ற சிலைத் திருட்டு வழக்குகள் வாசலில் காத்திருக்க, நியூயார்க்கிலும் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அவர் மேல் தனியாகக் குற்றம் சாட்டி ஆளைக் கேட்டிருக்க, இங்கே ஒரு வழக்கு முடியவே பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதை நம் ஊரில் 'கோர்ட்டுன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுவோம். ஐரோப்பிய நீதிபதி அப்படி விடமாட்டார்.

டென்மார்க் ஏன் கொடுக்கவில்லை?

1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்தில் இருந்து ஆயுதங்கள் வீசப்பட்டது நினைவிருக்கிறதா? 90-களில் பிறந்தவர்களுக்கு இருக்காது. அந்த வழக்கில் தேடப்படும் டேனிஷ்காரர் நீல்ஸ் ஹோல்க் என்கிற கிம் டேவி. அவரை ஒப்படைக்க டென்மார்க் அரசு ஒப்புக்கொண்டது. அந்த நாட்டு நீதிமன்றம் 2011-இல் மறுத்தது. 2024-இல் மறுபடி கேட்டோம், மறுபடி மறுப்பு. இரண்டு முறையும் முக்கியக் காரணம் ஒன்றுதான்: இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து இருக்கிறது.

2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை அனுப்ப மறுத்தபோதும் திஹார் சிறையின் நிலை பேசப்பட்டது. விஜய் மல்லையா வழக்கில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் பேரக்கை வீடியோ எடுத்து லண்டன் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தது. ஃபேன் இருக்கிறதா, வெளிச்சம் வருகிறதா, டாய்லெட் எப்படி என்றெல்லாம் கேள்வி. நமக்கு இது கோபமூட்டும். 'அவங்க ஜெயில் மட்டும் ஒழுங்கா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்துப் போட்ட இந்தியா இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வழக்கிலும் முதல் பக்கத்தில் வைக்கிறார்.

சாத்தான்குளம் 2020, திருப்புவனம் 2025 போன்ற காவல் மரணங்களை உள்ளூர்ப் பிரச்சினை என்று நினைக்கிறோம். அடுத்த கபூர் பிரஸ்ஸல்ஸிலோ மிலானிலோ பிடிபடும் நாளில், அவருடைய வக்கீல் இந்தச் செய்தி நறுக்குகளோடுதான் கோர்ட்டுக்கு வருவார் என்பது என் கணிப்பு. பரஸ்பர சட்ட உதவியில் 'பரஸ்பரம்' என்பதன் அர்த்தம் அதுதான்.

பாண்டிச்சேரியில் இருக்கும் அந்த போட்டோக்கள்

ஆளை விடுங்கள், சிலை எப்படி வருகிறது? இதில் நிஜமான ஹீரோ ஒரு போட்டோ ஆல்பம்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பிரான்ஸ் அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனம், 1955-இல் தொடங்கியது. அடுத்த வருடத்தில் இருந்து தென்னிந்தியக் கோயில்களுக்குப் போய், கற்சிலை, செப்புத் திருமேனி, தூண், கோபுரம் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அன்றைக்கு இது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

மயிலாடுதுறை பக்கம் அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள் 1978-இல் திருடுபோயின. 2019-இல் லண்டனில் ஒரு விற்பனை விளம்பரத்தில் ராமரைப் பார்த்த 'இந்தியா பிரைட் ப்ராஜெக்ட்' தன்னார்வலர்கள், பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் 1958-இல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரே சிலை. லண்டன் போலீஸ் விசாரித்தது, வைத்திருந்தவர் தானாகக் கொடுத்துவிட்டார். 2020 செப்டம்பர் 15 அன்று மூன்று பேரும் இந்தியத் தூதரகத்திடம் வந்து சேர்ந்தார்கள். 42 வருடம். ஒரு கோர்ட் வாய்தா கூட இல்லாமல்.

கவனித்தீர்களா? இங்கே இரண்டு விஷயம் சேர்ந்து இருந்தது. 1958-இல் ஒரு படம், 1978-இல் ஒரு போலீஸ் புகார். ஸ்ரீபுரந்தானில் படம் இருந்தது, ஆனால் புகார் வந்தது சிலை விற்ற பிறகு. இரண்டும் இல்லாத கோயில்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்தால் தூக்கம் வராது.

காஞ்சி யோகினிகளை ஏன் கேட்க முடியாது?

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். பாரீஸில் கீமே மியூசியத்துக்குப் போனால் காஞ்சிபுரத்து யோகினி ஒருத்தியைப் பார்க்கலாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கற்சிலை. இந்த யோகினிகள் ஒரே கோயிலில் ஒன்றாக இருந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1926 வாக்கில் பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் காஞ்சிபுரம் வட்டாரத்தில் சேகரித்து, பாரீஸ் வியாபாரி சி.டி. லூ வழியாக வெளியே போனவை. அதே குடும்பத்துச் சிலைகள் இன்று பாரீஸ், வாஷிங்டன், டொரண்டோ என்று சிதறிக் கிடக்கின்றன.

ஜெர்மனியோடு போட்ட ஒப்பந்தமோ பிரான்ஸோடு உள்ள ஒப்பந்தமோ இதற்கு உதவாது. ஏனென்றால் 'குற்றம்' என்று சொல்ல அன்றைய தேதியில் ஒரு சட்டம் வேண்டும். பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்தது 1947-இல். இன்று நடைமுறையில் உள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அமலானது 1976-இல். கலாசாரச் சொத்துக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ஆம் ஆண்டுடையது, முன்தேதியிட்டுப் பாயாது. இந்தியா அதில் 1977-இல்தான் சேர்ந்தது, பிரான்ஸ் 1997-இல், பிரிட்டன் 2002-இல், ஜெர்மனி 2007-இல். கபூரின் போலிப் பத்திரங்கள் ஏன் 1970-ஐச் சுற்றி எழுதப்பட்டன என்று இப்போது புரியும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கோட்டுக்கு முன்னால் போனதைக் கேட்க மனசாட்சி மட்டும்தான் வழி. அதுவும் சில சமயம் வேலை செய்கிறது. கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் சிலையை ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் மியூசியம் 1967-இல் ஏலத்தில் வாங்கியது. பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டின் 1957-ஆம் ஆண்டுப் படத்தில் அதே சிலை கோயிலில் இருப்பதை ஒரு ஆய்வாளர் சொன்னதும், மியூசியமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. திருப்பித் தர 2024-இல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

பத்தூர் நடராஜர் இன்னொரு வழி. 1976-இல் மண்ணில் இருந்து கிடைத்து, கைமாறி, லண்டன் போய், 1982-இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கிய சிலை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. யாருக்குச் சொந்தம் என்ற சிவில் வழக்கில், இடிந்து கிடந்த விஸ்வநாத சுவாமி கோயிலே ஒரு சட்ட நபராக லண்டன் நீதிமன்றத்தில் உரிமை கேட்டது. பத்தூர் ஜெயித்தது. 1991-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்து நடராஜர் வந்தார். சாமி கேஸ் போடுவது நமக்கு சாதாரணம், இங்கிலாந்து நீதிபதிகளுக்கு அது புதுசு. ஏற்றுக்கொண்டார்கள்.

ஐரோப்பாவின் புது கேட்

2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு புதுச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது. வெளிநாட்டுப் பழம்பொருளை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால், அது சொந்த நாட்டில் இருந்து சட்டப்படி வெளியேறியது என்பதைக் கொண்டுவருபவர்தான் காட்ட வேண்டும். 250 வருடத்துக்கு மேற்பட்ட அகழாய்வுப் பொருள், கோயில் மாதிரியான கட்டடத்தில் இருந்து பெயர்த்த துண்டு என்றால் லைசென்ஸ் கட்டாயம், விலை எவ்வளவு என்றாலும். 200 வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம் போன்றவற்றுக்கு, 18 ஆயிரம் யூரோவும் அதற்கு மேலும் மதிப்பு என்றால், இறக்குமதியாளரின் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய சந்தேகம்: கோயிலில் வழிபாட்டில் இருந்து திருடப்பட்ட உற்சவர் எந்தப் பெட்டியில் விழும்? பெயர்த்த துண்டும் இல்லை, அகழாய்வில் கிடைத்ததும் இல்லை. பெரும்பாலும் உறுதிமொழிப் பெட்டியில்தான். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1972 ஏப்ரல் 24-க்கு முன்பே சொந்த நாட்டைவிட்டுப் போய்விட்டது என்று காட்டினால், கடைசியாக ஐந்து வருடத்துக்கு மேல் இருந்த நாட்டின் பத்திரம் போதும். போலிப் பத்திரம் தயாரிப்பவருக்கு இந்தத் தேதி ஒரு அழைப்பிதழ். ஆனாலும் கேட்டே இல்லாததற்கு இது மேல். பிரிட்டன் இந்தக் கேட்டுக்கு வெளியே. அமெரிக்காவோடு இந்தியா 2024 ஜூலையில் தனியாகக் கலாசாரச் சொத்து ஒப்பந்தம் போட்டது.

சரி, அவங்க தர்ற உதவிப் பணம்?

ஜெர்மனியோடு நடக்கும் அதே உச்சி மாநாட்டு மேசையில்தான் வளர்ச்சி உதவியும் பேசப்படுகிறது. 2022-இல் போட்ட பசுமைக் கூட்டாண்மையில் 2030-க்குள் 1,000 கோடி யூரோ என்றார்கள். 'உதவி' என்ற சொல்லைப் பார்த்து இலவசம் என்று நினைக்க வேண்டாம், பெரும்பகுதி கடன். சென்னையில் ஓடும் புதுத் தாழ்தளப் பஸ்களுக்குப் பின்னால் ஜெர்மன் வளர்ச்சி வங்கி கே.எஃப்.டபிள்யூ.வின் கடன் இருக்கிறது. சின்னச் சின்ன நாடுகளின் உதவி வேண்டாம் என்று 2003-லேயே சொன்ன நாடு நாம். பிரிட்டனும் தன் வழக்கமான நிதியுதவியை 2015-இல் நிறுத்தியது. பஸ் நல்லது, கடனையும் கட்டிவிடுவோம். ஆனால் ஐரோப்பியப் பணத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு நடந்த உருப்படியான காரியம் எது என்று என்னைக் கேட்டால், கேமராவோடு ஊர் ஊராகப் போன அந்தப் பாண்டிச்சேரி ஆட்களைத்தான் காட்டுவேன். அதையும் நாமே செய்திருக்க வேண்டும்.

அலங்காரத்துக்கு அடியில்

செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அறநிலையத் துறையின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும், அதில் திருமேனிகளும் இடம்பெற வேண்டும். துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள். 'ஐம்பொன் அம்மன் சிலை, உயரம் இரண்டடி' என்று பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் அதை வைத்து ஜெர்மன் நீதிபதியிடம் என்ன நிரூபிப்பது? அந்த உயரத்தில் ஐம்பொன் அம்மன் நூறு மியூசியத்தில் இருப்பாள்.

போன் இருக்கிறதே, எல்லாரும்தான் போட்டோ எடுக்கிறோமே என்பீர்கள். வைகாசி கருட சேவையன்று காஞ்சி வீதிகளில் எத்தனை போன் உயர்கிறது! அந்தப் படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டு, மாலை, கவசம், கிரீடம், குடை. முகமும் கையும் மட்டும் தெரியும். நம்ம ஊர்ப் பட்டே சிலையை முழுசாக மூடியிருக்கும். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் அச்சை உடைத்துத்தான் வெளியே எடுப்பார்கள், அதனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. அடையாளம் பீடத்தின் ஓட்டையில், முதுகில், உடைந்த விரலில், வார்ப்பில் விழுந்த சின்னக் குழியில், பல வருட அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கில் இருக்கிறது. அலங்காரம் இல்லாமல் நாலு பக்கமும் அளவுகோல் வைத்து எடுத்த படம்தான் நீதிமன்றத்தில் நிற்கும்.

அதை ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். என் சித்தப்பா ஒரு சின்னக் கோயிலில் தர்மகர்த்தா. கேட்டுப் பார்த்தேன். 'சாமியை அப்படி எல்லாம் படம் பிடிக்கக் கூடாதுப்பா' என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'திருமஞ்சனத்துக்கு முன்னாடி, திரை போட்டு, பட்டர் கையாலேயே எடுக்கச் சொன்னா ஒத்துப்பாரோ என்னமோ' என்றார். பட்டரிடம் நல்ல போன் இல்லையாம். என் பழைய போனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.